புதுப்பிப்பு: காலை வயிற்றுவலி, மகள் இப்போது எப்படி இருக்கிறாள்

ஏழாம் வகுப்பு மகள் பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி 14416 எண்ணில், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸை அழைத்தேன். 2022 முதல் இயங்கும் இலவசச் சேவை, தமிழிலேயே பேசினார்கள். "வலி நடிப்பல்ல, பயம்தான் வயிற்றில் வலியாக வருகிறது" என்றார் ஆலோசகர். நடிக்காதே என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!

அன்று மாலை தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் சுண்டல் தின்றோம். வெகுநேரம் கழித்து அவளே சொன்னாள்: "கணக்கு வகுப்பில் எழுந்து நின்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள் அம்மா."

வகுப்பாசிரியையிடம் பேசினேன். இப்போது கரும்பலகைக்கு அழைக்காமல் நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். வீட்டிலேயே இருத்தினால் பயம் வளரும் என்பதால், முதல் வாரம் அரைநாள் அனுப்பினோம். இந்த வாரம் முழுநாள். நேற்று மட்டும் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் தானே பையை எடுத்துக்கொண்டாள்.