அம்மம்மா வீட்டுச் சாமுத்திரிகா லட்சணக் கொப்பி: வாசிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கின்றேன். அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில், அவருடைய தந்தையார் கைப்பட எழுதிய சாமுத்திரிகா லட்சணக் கொப்பி, அதாவது உடலுறுப்புகளின் அமைப்பைக்கொண்டு குணமும் பலனும் சொல்லும் கொப்பி ஒன்று கிடைத்துள்ளது. கரையான் அரித்த ஒற்றைகளில் நெற்றி, புருவம், காது, பாதரேகை என உறுப்புவாரியாகச் செய்யுளும் உரையும் உள்ளன. கூடுபுருவம் பற்றிய பகுதியின் ஓரத்தில் மட்டும், 'தங்கச்சிக்கு இது பொருந்தவில்லை' என்று பென்சிலால் எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.

பலன் பார்ப்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. ஐரோப்பாவிலும் லவாட்டர் என்ற சுவிஸ் போதகர் 1775 முதல் முகத்தைக்கொண்டு குணத்தைக் கணிக்கும் நூலை வெளியிட்டார். அவரைப் பின்பற்றிய கப்டன் பிட்ஸ்ரோய், மூக்கின் அமைப்பைப் பார்த்து, டார்வினைப் பீகிள் கப்பலில் ஏற்றிக்கொள்ளவே தயங்கினார். திருக்குறளின் 71ஆம் அதிகாரமான குறிப்பறிதல் பேசுவதோ அந்தந்த வேளையில் முகத்தில் தெரியும் உணர்வைத்தான், பிறவியில் அமைந்த மூக்கையும் காதையும் அல்ல. நம்மவர்கள், அதிலும் பெண் பார்க்கப் போகுமிடத்தில், இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ, தேசிய அருங்காட்சியக நூலகத்தின் ஏட்டுச் சுவடிகளிலோ இத்தகைய செய்யுள்களைக் கண்டவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள். ஒட்டிக்கொண்ட ஒற்றைகளைக் கிழியாமல் பிரிக்கும் முறையையும், பழைய தமிழ் எண்களை வாசிக்கவும் அறிந்தவர் எவரேனும் உண்டா? நெற்றிப் பகுதியின் படங்களை முதலில் அனுப்புகிறேன். அதுதான் வேகமாக உதிர்கிறது.