ஏபிஎஸ் (பிரேக் புடிக்கறப்ப வீல் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டம்) கழட்டின வண்டிய ஓட்டினவங்க, பாத்தவங்க, வாங்கி மாட்டிக்கிட்டவங்க அனுபவத்த இங்க போடுங்க

நானே ஆரம்பிக்கறேன். மச்சானுக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு 200 சிசி வண்டி பாக்கலாம்னு தாம்பரம் பக்கம் போயிருந்தோம். 2019 மாடல், கிலோமீட்டர் ரொம்ப கம்மி, விலையும் மார்க்கெட்ட விட கம்மி, பாக்க சும்மா பளபளன்னு இருக்கு. ஓட்டிப் பாத்தா ஸ்பீடோமீட்டர் அசையவே இல்ல. கேட்டா "சென்சார் போயிருக்கு ப்ரோ, ஐநூறு ரூபா வேல"ன்றாரு ஓனர். எனக்கு அங்கதான் லைட்டா இடிச்சுது. சாவி போட்டதும் ஏபிஎஸ் லைட் எரியணும், வண்டி நகந்து கொஞ்சம் ஸ்பீடு எடுத்ததும் தானா அணையணும். இதுல சாவி போட்டாலும் எரியல, டார்ச் அடிச்சு பாத்தா அந்த லைட்டு இருக்கற இடத்துல மட்டும் கருப்பு டேப்ப அளவா வெட்டி ஒட்டி வச்சிருக்காப்ல!

அப்புறம் சீட்ட கழட்ட சொன்னோம், ஆளுக்கு மூஞ்சி மாறிடுச்சு. ஏபிஎஸ் மாடுல், அதாவது பிரேக் பிரஷர விட்டு விட்டு குடுக்கற பெட்டி, இருக்க வேண்டிய இடம் காலி, சென்சார் ஒயர சுருட்டி டேக் போட்டு கட்டியிருக்கு, முன்னாடி மாஸ்டர் சிலிண்டர்லருந்து (லீவர அமுக்கினா ஆயில தள்ளுறது) காலிப்பருக்கு (டிஸ்க்க கவ்வுறது) நேரா ஒரே ஹோஸ் இறங்குது. ஏபிஎஸ் இருக்கற வண்டின்னா ஒரு லைன் மாடுலுக்குள்ள போயி இன்னொரு லைனா வெளிய வந்து காலிப்பருக்கு இறங்கணும், இத டேங்க் கழட்டாமயே பாத்துக்கலாம். இந்த மாதிரி வண்டியில ஸ்பீடு சிக்னலே அந்த மாடுல் வழியாத்தான் மீட்டருக்கு வருது, அப்ப அது கழண்ட நாள்லருந்து ஓடோமீட்டரும் ஓடல. கம்மி கிலோமீட்டரோட ரகசியம் அதான். அட்வான்ஸ் குடுக்காம வந்துட்டோம்.

——

நான் கோயமுத்தூருங்க. ஆஃப்ரோடு போற கோஷ்டி நாங்க, அதனால ஏபிஎஸ்ஸ திட்டுற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். ஜல்லி கொட்டுன இறக்கத்துல பின் பிரேக்க மிதிச்சா அது விட்டு விட்டுப் புடிச்சு வண்டி பாட்டுக்கு இறங்கிட்டே இருக்கும், பிரேக்கே இல்லாத மாதிரி வயித்த கலக்குமுங்க. காரணம் என்னன்னா லூஸ் மண்ணுல வீல் லாக் ஆனாத்தான் டயர் முன்னாடி மண்ண குவிச்சு அதுல முட்டி நிக்கும், ஏபிஎஸ் அந்த லாக்கையே விடாது. தார் ரோட்டுல காப்பாத்துற அதே வேல மண்ணுல எதிரா திரும்பிருது.

ஆனா அதுக்காக மாடுலையே கழட்டறது எதுக்குங்க? 2020ல வந்த பிஎஸ்6 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன்ல பின் வீல் ஏபிஎஸ்ஸ மட்டும் ஆஃப் பண்ண ஸ்விட்சே குடுத்துட்டாங்க, கேடிஎம் 390 அட்வென்ச்சர்ல ஆஃப்ரோடு மோடு இருக்குது. ரெண்டுலயும் முன் வீலுக்கு ஏபிஎஸ் இருந்துக்கிட்டேதான் இருக்கும், அது சும்மா இல்லீங்க. பின் வீல் லாக் ஆனா வால ஆட்டும், சமாளிச்சுக்கலாம், முன் வீல் லாக் ஆனா ஹேண்டில் திருப்பியும் பிரயோஜனம் இல்ல, யோசிக்கறதுக்குள்ள கீழ கெடப்போம். ஸ்விட்ச் இல்லாத பழைய வண்டிக்காரங்க ஏபிஎஸ் ஃபியூஸ புடுங்கிட்டு ஓட்டுவாங்க, பிரேக் சாதா பிரேக்கா வேல செய்யும், லைட் எரிஞ்சுட்டே இருக்கும். எங்க குரூப்புல ஒருத்தர் அப்படி புடுங்கி பாக்கெட்ல போட்டவரு திரும்ப மாட்டாமயே வால்பாறையிலருந்து மழையில இறங்கினாரு. 40 கொண்டை ஊசிங்க அது. கீழ வர்றப்ப எதிர்ல பஸ்ஸு, கெட்டியா புடிச்சாரு, முன் வீல் வெள்ளக் கோட்டு மேல ஏறி லாக் ஆகி தோள்பட்ட எலும்பு போச்சு. ஃபியூஸ் அப்பவும் பாக்கெட்லதான் இருந்துச்சுங்க.

——

ப்ரோ ஒரு டவுட்டு, கழட்டினா வெயிட் குறையும் பிரேக் ஃபீல் நல்லா இருக்கும்னு எங்க ஏரியால ஒரு கடைல சொல்றாங்களே, நெசமா?

——

வெயிட்டா? 1988ல பிஎம்டபிள்யூ கே100 பைக்ல முதல் தடவ ஏபிஎஸ் வந்தப்ப அது 11 கிலோ, அன்னைக்கு சொல்லியிருந்தா ஒத்துக்கலாம். பாஷ் கம்பெனியோட ஒன்பதாம் தலைமுறை ஏபிஎஸ் யூனிட் முக்கா கிலோ கூட இல்ல. காலைல ரெண்டு தோசை கம்மியா சாப்ட்டா அந்த வெயிட் குறைஞ்சிடும். ஃபீல்னு சொல்றது லைன் சின்னதாகறதால வர்ற வித்தியாசம், கூடவே புதுசா ஆயில் மாத்தி ப்ளீட் பண்ணியிருப்பாங்க (லைன்ல நிக்கற காத்த எடுக்கறது), பாதி ஃபீல் அதுலயே வந்துரும். வீலி ஸ்டண்ட் பண்ற பசங்க கழட்டறது வேற கணக்கு, அவனுங்க கிரவுண்டுல ஓட்டறானுங்க. நீ சென்னை ஜிஎஸ்டி ரோட்டுல 60ல போனா செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போற, நடுவுல மாடு வந்தா யாரும் யோசிச்சு பிரேக் புடிக்கறதில்ல, கை தானா இறுக்கிரும், அந்தக் கைக்காகத்தான் அது இருக்கு.

——

அண்ணே நான் மதுரையில பட்டறை வச்சிருக்கேன். "ஏபிஎஸ்ஸ கழட்டி விட்ருங்கண்ணே"ன்னு வர்றவய்ங்கள்ல முக்காவாசி பேருக்கு மாடுல்ல ஒரு கோளாறும் இருக்காது. லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், எவனாவது "மாடுல் போச்சு, இருபது முப்பதாயிரம் ஆகும்"னு சொல்லிருப்பான், பயந்து போயி வந்துருப்பாய்ங்க. தொறந்து பாத்தா வீல் சென்சார் தலையில சேறு அப்பியிருக்கும். இல்லன்னா பஞ்சர் கடையில கம்பி போட்டு நெம்பும்போது வீலோட சுத்துற பல்லு ரிங் வளைஞ்சுருக்கும், அந்த ரிங்குக்கும் சென்சாருக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கேப்பு, லேசா வளைஞ்சாலும் கணக்கு தப்பிரும். எலி ஒயர கடிச்சது, பேட்டரி வீக்கு, ஃபியூஸ் போனது, இதெல்லாம் பாத்து முடிச்சுட்டுத்தான் மாடுல் பக்கமே போகணும்.

நெசமாவே மாடுல் போன வண்டியும் வரத்தான் செய்யுது. பிரேக் ஆயில வருசக்கணக்கா மாத்தாம விட்டா அது காத்துல இருக்க ஈரத்த இழுத்து உள்ள வால்வெல்லாம் துரு புடிச்சு இறுகிப்போகும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா டாட் 4 பிரேக் ஆயில மாத்துனா அந்தச் செலவே வராது, எவன் கேக்குறான்! சோத்துக்கே இழுத்துக்கிட்டு இருக்கவன் முப்பதாயிரத்துக்கு எங்க போவான், அதுவும் நியாயந்தான், அதனால நேர் லைன் போட்டுக் குடுன்னு கேக்குறவன நான் திட்டுறதில்ல. ஆனா போட்டும் குடுக்க மாட்டேன்.

——

சட்டமும் இருக்குங்க. 125 சிசிக்கு மேல இருக்கற வண்டிக்கு 2019 ஏப்ரல்லருந்து ஏபிஎஸ் கட்டாயம். கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தறதுக்கு மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு குறுக்க நிக்குது. ஆக்சிடென்ட் ஆகி இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்கறப்ப அந்த ஒத்த ஹோஸ் கண்ல பட்டா க்ளைம் இழுபறிதான். அடிபட்டது நீங்களா இருந்தா உங்க தலையெழுத்து, எதிர்ல வந்தவருன்னா?

——

மதுரை அண்ணே, மச்சான் அந்த வண்டிய விட மாட்டேங்கறான், இன்னும் ரேட்டு குறைக்கறாங்களாம். பழைய மாடுல் ஒண்ணு வாங்கி திரும்ப மாட்டிக்கலாமா?

——

மாட்டலாம் தம்பி. அதே மாடல், அதே வருசத்து மாடுலா இருக்கணும், நம்பர ஒத்துப் பாத்து வாங்கு, அடிபட்ட வண்டியில கழட்டுனதுன்னா பைப் வாய் நசுங்கியிருக்கான்னு பாரு. மாட்டுனதுக்கு அப்பறம் லீவர அமுக்கி அமுக்கி ப்ளீட் பண்றது மட்டும் பத்தாது, உள்ள காத்து நிக்கும், ஸ்கேனர் போட்டு பம்ப ஓட விட்டு எடுக்கணும், ஸ்கேனர் இல்லாத கடையில குடுத்துராத. மொதல்ல அந்த சுருட்டி வச்ச ஒயர்ல கப்ளிங் (ஒயர மாட்டுற சாக்கெட்) இருக்கா, வெட்டி எடுத்துட்டாய்ங்களான்னு ஒரு போட்டோ எடுத்துப் போடு. வெட்டியிருந்தா ஒயரிங் செலவே தனியா வரும், வேற வண்டி பாக்கச் சொல்லு.