பையன் விஷயம் நல இலாகா கோப்பில், பராமரிப்பு வழக்கு கோர்ட்டில்: இரண்டையும் யார் சேர்த்து வைப்பது?

செந்தூல்வாசி:

வணக்கம். இங்கே மலேசியாவில் என் தங்கையின் விவாகரத்து வழக்கும், பையன் யாரிடம் இருப்பது என்ற பராமரிப்பு வழக்கும் போன வருடத்திலிருந்து உயர் நீதிமன்றத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பையனுக்கு 8 வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. இடைக்கால உத்தரவுப்படி பையன் அம்மாவோடு இருக்கிறான், சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை அப்பா வீட்டில். சமீபத்தில் ஒரு ஞாயிறு திரும்பி வந்தவன் வாயே திறக்கவில்லை. மறுநாள் டீச்சர்தான் காலில் பெல்ட் தடத்தைப் பார்த்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார். போலீஸ் ரிப்போர்ட் செய்தோம், அரசு மருத்துவமனையில் வன்முறைக்கு ஆளானவர்களைப் பார்க்கும் ஓஎஸ்சிசி பிரிவுக்குப் போனோம், அப்புறம் சமூக நல இலாகா அதிகாரி வீட்டுக்கே வந்து பையனோடு தனியாகப் பேசிவிட்டுப் போனார்.

அதிகாரி நல்ல மனுஷி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "பராமரிப்பு வழக்கு உங்கள் இருவருக்கும் இடையில் நடப்பது, எங்கள் கோப்பு ரகசியம், கோர்ட்டு கேட்டால் தருவோம்" என்கிறார். லாயரோ "அந்த அறிக்கையை வாங்கி வாருங்கள், கோர்ட்டில் போட்டுவிடலாம்" என்கிறார். கோர்ட்டு எப்படிக் கேட்கும், நீதிபதிக்கு இப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாதே! இதற்கிடையில் சனிக்கிழமை வந்துவிடுகிறது. பையனை அனுப்பாவிட்டால் கோர்ட்டு அவமதிப்பு என்று எதிர்த்தரப்பு லாயர் கடிதமே அனுப்பிவிட்டார். அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

டீச்சர், டாக்டர், போலீஸ், நல அதிகாரி என்று அந்தப் பிள்ளை ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். கோர்ட்டையும் நல இலாகாவையும் பேச வைக்கும் வேலை யாருடையது? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜாலான் டூத்தா கிராணி:

நான் லாயர் இல்லை. லாயர் ஆபீஸில் கிராணி, குடும்ப வழக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைவதே என் பிழைப்பு. அதனால் இதை உங்கள் லாயரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

முஸ்லிம் அல்லாதவர்களின் விவாகரத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம், 164ஆவது சட்டம் என்பார்கள். அதில் 100ஆவது பிரிவைப் பாருங்கள். பிள்ளையின் பராமரிப்பு பற்றி முடிவு செய்யும்போது, முடிந்த இடத்திலெல்லாம், பிள்ளை நலனில் பயிற்சியோ அனுபவமோ உள்ள ஒருவரின் ஆலோசனையைக் கோர்ட்டு கேட்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அந்த ஆலோசனைக்கு நீதிபதி கட்டுப்பட வேண்டியதில்லை, அது வேறு. ஆனால் யாராவது மனுப் போட்டு நினைவூட்டினால்தான் பெரும்பாலும் அந்தப் பிரிவு உயிர் பெறும். அறிக்கை கைக்கு வந்த பிறகு மனுப் போடலாம் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான், ஏனென்றால் மனுப் போட்டால்தான் அறிக்கையே வரும்.

96ஆவது பிரிவும் இருக்கிறது. சூழ்நிலை பெரிதாக மாறிவிட்டால் ஏற்கெனவே கொடுத்த பராமரிப்பு உத்தரவைக் கோர்ட்டு மாற்றலாம். சீக்கிரம் விசாரிக்கக் கேட்கும் அவசரச் சான்றிதழோடு ஒரே மனுவில் இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள்: இரவு தங்குவதை நிறுத்தி, மூன்றாவது ஆள் ஒருவர் மேற்பார்வையில் பகலில் மட்டும் சந்திப்பு, கூடவே சமூக நல இலாகா அறிக்கை தர உத்தரவு. மனுவோடு போடும் சத்தியப் பிரமாணத்தில் (அஃபிடவிட்) போலீஸ் ரிப்போர்ட் எண், மருத்துவமனைக்குப் போன தேதி, எந்த மாவட்ட நல அலுவலகம், கோப்பு எண் இதெல்லாம் வரட்டும். கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, அப்படி ஒரு கோப்பு இருக்கிறது என்று நீதிபதிக்குத் தெரிந்தால் போதும்.

சனிக்கிழமை விஷயம். சத்தம் போடாமல் பையனை அனுப்பாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. என்ன நடந்தது, ஏன் இந்த வாரம் அனுப்பவில்லை, என்றைக்கு மனுப் போடுகிறோம் என்று உங்கள் லாயர் அன்றைக்கே எழுத்தில் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அது முழுப் பாதுகாப்பு ஆகாதுதான், ஆனாலும் ஒளித்து வைத்த மாதிரி இருக்காது.

ஓய்வு பெற்ற நல அதிகாரி:

தங்கச்சி, கிராணி சொன்னது சரி. அதிகாரி ஏன் அப்படிப் பேசினார் என்பதையும் நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

2001 சிறார் சட்டப்படி பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட், கூட இரண்டு ஆலோசகர்கள். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ விவரம் எல்லாம் அடங்கிய எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் அவர்கள் உத்தரவு போடுவார்கள். அங்கே கோர்ட்டும் நாங்களும் தினமும் பேசிக்கொள்கிறவர்கள். உங்கள் பையன் கதை வேறு. பாதுகாப்பான அம்மா ஒருத்தி இருக்கிறாள், அதனால் பையனை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. எடுக்கவில்லை என்றால் சிறார் நீதிமன்றத்தில் வழக்கு இல்லை, கோப்பு அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிடும். அம்மா பொறுப்பாக இருந்ததால் வந்த வினை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையைக் கையில் கொடுக்கத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. தகவல் கொடுத்த டீச்சர் யார் என்பது அதில் வரலாம். அது வழக்கு மனுவோடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போய்விட்டால், அடுத்த முறை எந்த டீச்சர் வாய் திறப்பார்? ஒரு தரப்பு கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வந்தால் அதிகாரி அந்தத் தரப்பின் ஆள் ஆகிவிடுகிறார், மறு தரப்பு வீட்டுக் கதவே திறக்காது. கோர்ட்டே கேட்டு, அறிக்கை நேராக நீதிபதிக்குப் போனால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஒன்று கட்டாயம் கவனியுங்கள். "நல இலாகா அறிக்கை தரட்டும்" என்று மட்டும் ஒரு வரி உத்தரவு வந்தால், அதிகாரி வீட்டில் எத்தனை அறை, அப்பாவுக்கு என்ன சம்பளம் என்று எழுதி அனுப்பிவிடுவார். நீதிபதிக்கு அது எதற்கு? என்ன தெரிய வேண்டும் என்று உத்தரவிலேயே இருக்கட்டும்: அப்பா வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், பையன் அங்கே இரவு தங்குவது பாதுகாப்பா, பாட்டியோ அத்தையோ கூட இருந்தால் நிலைமை மாறுமா. அறிக்கை எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பதும் இருக்கட்டும். அப்புறம், உத்தரவு கிடைத்ததும் கோர்ட்டே தபாலில் அனுப்பிவிடும் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். முத்திரை வைத்த நகலை உங்கள் லாயர்தான் மாவட்ட அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். எங்களுக்கு உத்தரவே வராமல், ஏன் அறிக்கை இல்லை என்று கோர்ட்டில் கேள்வி வந்த வழக்குகளும் உண்டு.

இன்னும் மிரட்டல் இருந்தால் அதிகாரியிடம் இபிஓ, அதாவது அவசரப் பாதுகாப்பு உத்தரவு பற்றிக் கேளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம். கோர்ட்டுக்குப் போகாமலே அதிகாரம் பெற்ற நல அதிகாரி கொடுக்கலாம், ஆனால் 7 நாள்தான். இரவில் ஏதாவது ஆனால் தாலியான் காசே உதவி எண் 15999.

செராஸ் அப்பா:

எல்லாரும் அம்மா பக்கம் நின்று பேசுகிறீர்கள், சரி, அந்தப் பிள்ளைக்கு அடி விழுந்தது உண்மையென்றால் நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் என் கதையையும் கேளுங்கள். என் மேல் ஒரு புகார் போனது. அதிகாரி மகளின் அம்மா வீட்டுக்கு மட்டும் போனார், என் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அந்த அறிக்கை என் வழக்கில் வந்து விழுந்தது. கடைசியில் புகாரில் ஒன்றும் இல்லை என்று ஆனது, அதற்குள் மகள் என்னைப் பார்த்தாலே ஒதுங்க ஆரம்பித்துவிட்டாள். கோர்ட்டும் நல இலாகாவும் பேச வேண்டும், பேசட்டும், ஆனால் இரண்டு வீட்டையும் பார்க்காத அறிக்கை நீதிபதி மேசைக்கே போகக்கூடாது. அதை முதலில் சட்டமாக்குங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ஓய்வு பெற்ற நல அதிகாரி:

தம்பி, உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு வீட்டை மட்டும் பார்த்து எழுதியது அரை அறிக்கை, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இரண்டாவது வீட்டைப் பார்க்கும் வரை நீதிபதிக்கு எதுவுமே போகக்கூடாது என்றால் இந்தப் பையன் மாதிரிப் பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். முதல் தகவல் உடனே போகட்டும், முழு அறிக்கை பிறகு வரட்டும், அதுவரை கொடுக்கும் உத்தரவு தற்காலிகம் என்று எழுதியிருக்கட்டும். உங்கள் மகள் விஷயத்தில் அந்தத் தற்காலிகம் இழுத்துக்கொண்டே போனதுதான் கொடுமை.

பினாங்குக்காரி:

நான் பிறந்தது பட்டர்வொர்த், இப்போது வேலை சிங்கப்பூரில். இங்கே 2014இல் குடும்ப நீதி மன்றங்கள் என்று தனி அமைப்பே கொண்டுவந்தார்கள். விவாகரத்தைப் பார்க்கும் கோர்ட்டும், இளையர் நீதிமன்றமும், மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவும் ஒரே கூரைக்குக் கீழே. இங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊரில் பராமரிப்பு வழக்கு உயர் நீதிமன்றத்தில், பிள்ளைப் பாதுகாப்பு மாஜிஸ்திரேட் மட்டத்தில், முஸ்லிம் குடும்பம் என்றால் ஷரியா நீதிமன்றம் வேறு. ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு எண் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? குடும்ப வழக்கு நடக்கும் ஒவ்வொரு உயர் நீதிமன்றத்திலும் ஒரு நல அதிகாரியை நிரந்தரமாக உட்கார வைத்தாலே போதும், கோப்பு இருக்கிறதா இல்லையா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார், லாயரும் அதிகாரியும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பையன் திரும்பத் திரும்பச் சொல்வது பற்றி: மலேசியாவில் 2007இலேயே சிறார் சாட்சிகளுக்கென்று சட்டம் வந்துவிட்டது. சிறார் சாட்சியின் வீடியோ பதிவைச் சாட்சியமாக ஏற்க அதில் வழி இருக்கிறது. போலீஸில் பதிவு எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால், அதை நீதிபதி பார்க்க முடியுமா என்று லாயர் கேட்கலாம்.

செந்தூல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. லாயரிடம் 96, 100 இரண்டையும் காட்டினேன், மனுத் தயாராகிறது, அவசரச் சான்றிதழோடு. அறிக்கையில் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை அய்யா சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். செராஸ் அண்ணே, இரண்டு வீட்டையும் பார்க்க வேண்டும் என்று எங்கள் மனுவிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், அவர் வீட்டையும் பார்க்கட்டும், எங்களுக்குப் பயமில்லை. இன்னொன்று: நீதிபதி பையனை அறையில் கூப்பிட்டுப் பேசலாம் என்று லாயர் சொல்கிறார். அவனுக்கு மலாய் சுமார்தான், பயத்தில் இருந்தால் அதுவும் வராது. என்ன செய்வது?

ஜாலான் டூத்தா கிராணி:

கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்குக் காலையில் போய்க் கேட்டால் வேறு வழக்கில் இருப்பார்கள், அதனால் பையன் தமிழில்தான் பேசுவான் என்று முன்கூட்டியே எழுத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். பொதுவாக அப்பா அம்மா இருவரும் வெளியேதான் இருக்க வேண்டியிருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காதீர்கள், நீதிபதிகள் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சாப்பிட வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.