வீட்டில் செய்த கோல்டு ஏர் இன்டேக்: 3000 ஆர்பிஎம்மில் உறுமல், நிறுத்த வழி உண்டா?

குழித்துறை_1200
1.2 லிட்டர் பெட்ரோல், 4 சிலிண்டர், 1197 சிசி. காத்தோட அழுத்தத்தை அளக்குற எம்ஏபி சென்சர்தான், காத்தோட அளவை நேரா அளக்குற எம்ஏஎஃப் கிடையாது. வெளிய உள்ள குளிர்ந்த காத்து எஞ்சினுக்குப் போறதுக்காக (அதுதான் கோல்டு ஏர் இன்டேக்) கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிட்டு 75 மி.மீ. அலுமினியம் பைப், அதுக்க முனையில கோன் ஃபில்டர். பம்பருக்குள்ள இருந்து ஒரு சுருள் ஹோஸ் ஃபில்டர் பக்கத்துல காத்தைக் கொண்டு விடுது.

மூணாவது கியர்ல 60 போகும்போது, 3000-3100 ஆர்பிஎம்ல, டேஷ்போர்டு முழுக்க உறுமுது. 2500-க்குக் கீழ இல்ல, 3600 தாண்டினா அடங்குது. ஆக்ஸிலேட்டரை அமுக்கினா கூடும், காலை எடுத்தா அந்த நொடியே நிக்கும். இது போக வேகம் ஏற ஏற ஒரு விசில். மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழ நெரிசல்ல பத்து நிமிஷம் நின்னா, அப்புறம் வண்டி இழுக்க மாட்டேங்குது.

காத்து குளிரா வரணும், சத்தம் கம்பெனி வண்டி மாதிரி இருக்கணும். என்ன மாத்தலாம்?

ஸ்பானர்12, நாகர்கோவில்
நாலு விஷயம் சொல்லுங்க. ஹோஸ் வாய் தரையில இருந்து எவ்வளவு உயரம்? வண்டி கம்ப்யூட்டரைப் படிக்குற ஓபிடி ரீடர் இருந்தா ஐஏடி (எஞ்சினுக்குள்ள போற காத்தோட சூடு) ஓடும்போது எவ்வளவு, நின்னா எவ்வளவு? வால்வு கவர்ல இருந்து எஞ்சின் ஆவியைக் கொண்டு வர்ற பிரீதர் குழாயை எங்க மாட்டியிருக்கிய? பழைய பெட்டியோட ஒட்டி ஒரு காலி டப்பா இருந்திருக்குமே, அது கையில இருக்கா?

குழித்துறை_1200
வாய் ஃபாக் லைட் ஓட்டைக்குப் பின்னால, தரையில இருந்து 30 செ.மீ. வெளிய 32 டிகிரி இருக்கும்போது ஐஏடி 60 கி.மீ. வேகத்துல 38, பத்து நிமிஷம் நின்னா 58. பிரீதருக்கு தனியா ஒரு குட்டி ஃபில்டர் போட்டிருக்கேன். பழைய பெட்டி இருக்கு. காலி டப்பா உடைஞ்சு போச்சு. காத்தைத் தடுக்கத்தான் வச்சிருக்கான்னு ஒருத்தர் சொன்னதால அதை முதல்லயே கழற்றியாச்சு.

ஸ்பானர்12, நாகர்கோவில்
அந்தக் காலி டப்பாதான் உங்க உறுமலை விழுங்கிட்டு இருந்தது தம்பி. காத்து அதுக்குள்ள போய் வர்றதே இல்ல, பக்கவாட்டுல ஒரு கழுத்துல தொங்கும். அதனால அது தடுக்கவும் செய்யாது. அதுக்குப் பேரு ரெசனேட்டர்.

கணக்கு இதுதான். 4 சிலிண்டர் எஞ்சின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை காத்தை இழுக்கும். ஆர்பிஎம்மை 30-ஆல வகுத்தா இழுப்புச் சத்தத்தோட அதிர்வெண் வரும். 3100-க்கு 103 ஹெர்ட்ஸ். உங்க பைப்பும் கேபினும் அந்த ஸ்வரத்துக்கு ஒத்து ஊதுது, அவ்வளவுதான். காலை எடுத்ததும் நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே சைலன்சர் இல்ல, இன்டேக்தான்னு தெரிஞ்சு போச்சு.

விசில் வேற கதை. சுருள் ஹோஸ் உள்பக்கம் மடிப்பு மடிப்பா இருக்கும். ஒவ்வொரு மடிப்பிலயும் காத்து தட்டித் தட்டிப் போகும்போது ஹோஸே குழல் மாதிரி ஊதும். எந்தப் பஞ்சைச் சுத்தினாலும் நிக்காது. உள்பக்கம் வழவழப்பா இருக்குற பைப்பா மாத்தணும்.

நின்னா இழுக்காததுக்கு காரணம் கோன் ஃபில்டர். பானட்டுக்குள்ள திறந்து கிடக்குறதால ரேடியேட்டர் ஃபேன் தள்ளுற சூட்டைத்தான் குடிக்குது. 58 டிகிரி காத்தும் 38 டிகிரி காத்தும் ஒப்பிட்டா அடர்த்தியில 6 சதவீதம் வித்தியாசம். அது போக ஐஏடி ஏறினா ஈசியூ (வண்டியோட கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் அடிக்குற நேரத்தையும், பின்னுக்கு இழுக்கும்.

அதனால என் தீர்ப்பு: பழைய பெட்டியைத் திரும்ப மாட்டுங்க. பேப்பர் ஃபில்டர், பெட்டியில இருந்து த்ராட்டில் வரைக்கும் உள்ள கம்பெனி ரப்பர் ஹோஸ், பிரீதர் குழாய், எல்லாம் பழையபடி. உங்க கைவேலை வாய்க்கும் பெட்டிக்கும் நடுவுல மட்டும். ஃபில்டருக்கு முன்னால என்ன தப்பு பண்ணினாலும் ஃபில்டர் காப்பாத்தும். பின்னால ஒரு பிவிசி சீவல் கிடந்தாலும் நேரா வால்வுக்குப் போகும்.

குழித்துறை_1200
சரி அண்ணே. ஆனா பெட்டிக்குள்ள போற வாய் சின்னது, 60 மி.மீ. தான் இருக்கும். பவர் குறையாதா?

ஸ்பானர்12, நாகர்கோவில்
குறையாது. 6000 ஆர்பிஎம்ல உங்க எஞ்சின் குடிக்குறது நொடிக்கு சுமார் 50 லிட்டர். 63 மி.மீ. பிவிசி, உள்விட்டம் 58-ன்னு வச்சா, காத்தோட வேகம் நொடிக்கு 19 மீட்டர். 1200 சிசிக்கு அது தாராளம். 75 போட்டா பவர் வராது, சத்தம்தான் வெளிய வரும். பைப் பெருசானா சத்தத்துக்கும் வாசல் பெருசு.

வேகத்துல காத்து தானா உள்ள தள்ளும்னு சொல்லுறவங்க பேச்சையும் விடுங்க. 100 கி.மீ. வேகத்துல கிடைக்குற தள்ளு வளிமண்டல அழுத்தத்துல அரை சதவீதம்கூட இல்ல. ஆரல்வாய்மொழி ஆடிக்காத்தே எதிர்ல நின்னு ஊதினாலும் பெரிசா ஒண்ணும் கூடாது.

இனி வேலை. கடையில வாங்க வேண்டியது: 63 மி.மீ. பிவிசி 1 மீட்டர், 45 டிகிரி பெண்டு ரெண்டு (90 எல்போ வேண்டாம்), 63-க்கு 32 ரெடியூசர் டீ (T வடிவ ஜாயிண்ட்) ஒண்ணு, 32 மி.மீ. பைப் ஒரு சாண், 110 மி.மீ. பைப் 30 செ.மீ., அதுக்கு எண்ட் கேப் ரெண்டு. பெட்டி வாயில சேர்க்க 10 செ.மீ. சிலிக்கான் ஹோஸ், ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் நாலு. கடல் பக்கம் ஓடுற வண்டின்னா சாதா கிளிப் வாங்கவே வாங்காதீங்க, உப்புக்காத்துல தின்னு போகும்.

ரெசனேட்டர்தான் முக்கியம். 110 பைப்போட உள்விட்டம் 104 வரும், அப்போ 1 செ.மீ. நீளத்துக்கு 85 மில்லி. 30 செ.மீ.க்கு ரெண்டரை லிட்டர். ஒரு எண்ட் கேப்போட நடுவுல 32 பைப்பை இறக்கி ஒட்டுங்க, அதுதான் கழுத்து. கழுத்தோட மொத்த நீளம் 5 செ.மீ. இதை மெயின் பைப்போட உள்சுவர்ல இருந்து டப்பா உள்சுவர் வரைக்கும் அளக்கணும், டீயோட கையும் அதுல சேரும். உள்விட்டம் 28. இந்த அளவுக்கு 102 ஹெர்ட்ஸ் வரும், உங்க உறுமல் 103. ஒட்டுறதுக்கு முன்னால டப்பாவுல தண்ணி ஊத்தி அளந்துக்கிடுங்க. கேப் உள்ள ஏறுற ஆழத்தைப் பொறுத்து 100 மில்லி முன்னபின்ன வரும்.

டீயை பைப்போட வாய்ப் பக்கம் கொண்டு போய் வைக்காதீங்க. திறந்த முனையில அழுத்த அலை செத்துக் கிடக்கும், ரெசனேட்டருக்குப் பிடிக்க ஒண்ணும் இருக்காது. பெட்டிப் பக்கமா தள்ளி வையுங்க.

வாயை அப்படியே வெட்டி விட்டா விளிம்புல காத்து கிழிஞ்சு இரையும். ஹீட் கன்ல பைப் முனையை 3 செ.மீ. மட்டும் சூடாக்கி, வளைய ஆரம்பிச்சதும் எவர்சில்வர் டம்ளரோட அடிப்பக்கத்தை மெல்ல உள்ள அழுத்துங்க. விளிம்பு தாமரை இதழ் மாதிரி வெளிய விரியும், அப்படியே ஈரத்துணி போட்டு ஆற விடுங்க. பைப் பழுப்பாகிப் புகைஞ்சா சூடு கூடிப்போச்சு, அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. திறந்த வெளியில செய்யுங்க.

முட்டம்_மெக்
வாயை 30 செ.மீ. உயரத்துல வச்சிருக்கியே மக்கா, சத்தத்தை விடு, முதல்ல அதை மாத்து. நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை. குளம் நிறைஞ்சு ரோட்டுல ஏறின தண்ணியில எதிர்ல ஒரு பஸ் வந்தா எழும்புற அலையே உன் வாய்க்கு மேல போகும்.

ஒரு சிலிண்டர் உனக்கு 299 சிசி. கம்ப்ரஷன் 10-க்கு 1-னு வச்சா, பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்ச இடம் 33 சிசி. கால் கிளாஸ் சாயா அளவு தண்ணி உள்ள போனாப் போதும், தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணிக்குள்ள வண்டி ஆஃப் ஆனா செல்ஃப் அடிக்காதே. பிளக் நாலையும் கழற்றி வெளிய தள்ளின பிறகுதான்.

ஹெட்லைட் மட்டத்துக்குக் கீழ வாய் வரக்கூடாது. கிரில்லுக்குப் பின்னால, ரேடியேட்டருக்கு முன்னால, மேல் குறுக்குச் சட்டத்தை ஒட்டி வை. பைப்போட தாழ்ந்த இடத்துல 4 மி.மீ. ஓட்டை ஒண்ணு, மழைத்துளி அதுல வடிஞ்சிடும். ரெசனேட்டரை கழுத்து மேல பார்த்த மாதிரி தொங்க விடாதே, உள்ள தண்ணி தேங்கி அளவு குறைஞ்சு ஸ்வரம் மாறிடும்.

தக்கலை_டியூன்
ஒரு சந்தேகம். பைப்புக்கு உள்ள தென்னந்தும்பு ஷீட்டோ ரப்பர் ஷீட்டோ ஒட்டினா சத்தத்தைக் குடிக்காதா? ரெண்டும் நம்ம ஊர்ல கைக்கெட்டுற சாமான்.

ஸ்பானர்12, நாகர்கோவில்
100 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் மூணரை மீட்டர். ஒரு செ.மீ. தும்பு அதை ஒண்ணும் பண்ணாது. தும்பு ஈரம் குடிக்கும், பூசணம் பிடிக்கும், உதிர்ந்த நார் பேப்பர் ஃபில்டர்ல போய் அப்பும். எஸ்டேட் ரப்பர் ஷீட் எண்ணெய் ஆவி பட்டா உப்பி இளகும், எஞ்சின் சூட்டுல வெடிக்கும். சைக்கிள் டியூபை வெட்டி ஜாயிண்டுல மாட்டுறதும் அதே கதைதான்.

சுத்தணும்னா வெளிப்பக்கம் சுத்துங்க. ஏசி குழாய்க்குப் போடுற கறுப்பு நைட்ரைல் ஃபோம் 10 மி.மீ., மேல அலுமினியம் டேப். பைப் சுவர் அதிர்ந்து வர்ற உஸ்ஸு அதுல குறையும், சூடும் தாங்கும். ஃபில்டர் பெட்டி மூடி மேல 2 மி.மீ. பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒரு உள்ளங்கை அளவு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல இருந்து பிவிசி ஒரு சாணாவது தள்ளியிருக்கணும், 75-80 டிகிரியில இளக ஆரம்பிக்கும். தள்ள முடியலன்னா அந்தத் துண்டை மட்டும் சூடு கூடத் தாங்குற சிபிவிசியில போடுங்க.

குழித்துறை_1200
செஞ்சு பாத்தாச்சு. பெட்டி, பிரீதர் பழையபடி, வாய் கிரில் மேல் மட்டத்துல. விசில் சுத்தமா போச்சு. உறுமல் மட்டும் அப்படியே இருக்கு, ரெசனேட்டர் மாட்டினாலும் கழற்றினாலும் ஒரே மாதிரி. இடம் பத்தாம 110 பைப்பை 25 செ.மீ. ஆக்கினேன். அளவு மாத்தலாம்னு பின் கேப்பை ஒட்டாம அழுத்தி மட்டும் வச்சிருக்கேன்.

ஸ்பானர்12, நாகர்கோவில்
ஒட்டாத கேப்தான் குற்றவாளி. ரெசனேட்டர்ல கசிவு இருந்தா உள்ள அழுத்தம் சரியா நிக்காது, வேலை கெட்டுப்போகும். கழுத்தை வாயில வச்சு ஊதுங்க, காத்து எங்கயாவது கசியும்.

25 செ.மீ.ன்னா 2.1 லிட்டர், 111 ஹெர்ட்ஸுக்குப் போயிருக்கும், அதாவது 3330 ஆர்பிஎம். டப்பாவை மாத்த வேண்டாம். கழுத்தை 5-ல இருந்து 6 செ.மீ. ஆக்குங்க, 104-க்கு இறங்கும். கேப்பை சால்வென்ட் போட்டு ஒட்டி ஒரு நாள் காய விடுங்க.

மாட்டுறதுக்கு முன்னால சோதிக்க வழி இருக்கு. போன்ல ஸ்பெக்ட்ரம் காட்டுற ஆப் எதையாவது திறந்து, சோடா பாட்டில் வாயில ஊதுற மாதிரி கழுத்துக்குக் குறுக்கா ஊதுங்க. முதல் மேடு எந்த ஹெர்ட்ஸ்ல எழும்புதோ அதுதான் உங்க டப்பா. அதே ஆப்பை வண்டிக்குள்ள வச்சு மூணாவது கியர்ல 3100 பிடிச்சுப் பாருங்க, ரெண்டு எண்ணும் நெருங்கணும்.

குழித்துறை_1200
ஊதினா 105, வண்டிக்குள்ள 103. மாட்டியாச்சு. 3000-3100-ல பேச்சு சத்தம் தெளிவா கேக்குது. ஆனா 2700 பக்கமும் 3500 பக்கமும் லேசா ஒரு முனகல் புதுசா வந்திருக்கு. ஐஏடி வெளிய 31 இருக்கும்போது ஓட்டத்துல 35, பத்து நிமிஷம் நின்னா 46, நகர்ந்து ஒரு நிமிஷத்துல 37.

ஸ்பானர்12, நாகர்கோவில்
ஐஏடி நல்லா இருக்கு. முனகலும் எதிர்பார்த்ததுதான். ரெசனேட்டர் பெரிய மேட்டை நடுவுல வெட்டும்போது ரெண்டு பக்கமும் சின்ன மேடு எழும்பும். டீயோட கை சேர்ற இடத்துல, கழுத்து வாய்க்குக் குறுக்கா மெல்லிய நைலான் வலை ஒரு மடிப்பு வச்சுப் பாருங்க. நடுவுல பிடிப்பு கொஞ்சம் குறையும், பக்கத்து ரெண்டும் படுக்கும். ரெண்டு மடிப்புக்கு மேல போகாதீங்க, அப்புறம் டப்பா இருந்தும் இல்லாத மாதிரி.

குழித்துறை_1200
ஒரு மடிப்புலயே முனகல் அடங்கிட்டு. கடைசியா ஒண்ணு: அந்த 4 மி.மீ. வடிகால் ஓட்டையில தூசி ஏறாதா?

முட்டம்_மெக்
ஏறும், ஃபில்டருக்கு முன்னாலதானே, பிடிச்சுக்கிடும். ஓட்டை சேறு அடைக்காம இருக்கான்னு மாசம் ஒருக்க குச்சி விட்டுப் பாரு.