40 செக்கன் பாட்டுக்கு முழு வீடியோக் காசும் போகுமா? இந்தத் தளங்கள் எப்பிடித்தான் உழைக்குது?

வெள்ளவத்தைக் காகம்:

எல்லாருக்கும் வணக்கம். வேலைக்குப் போற நேரம் போக சின்னதா ஒரு சேனல் வச்சிருக்கிறன், கோயில் திருவிழா, சாப்பாட்டுக்கடை, காலிமுகத்திடல் பின்னேரம் எண்டு சும்மா சுத்திற வீடியோதான். இந்தமுறை ஆடிவேலுக்கு செட்டியார் தெருவில தேர் வெளிக்கிட்டதில இருந்து பம்பலப்பிட்டி மட்டும் பின்னாலயே நடந்து, கால் கொப்பளிச்சு, 22 நிமிச வீடியோ ஒண்டு போட்டன். என்ர சேனலில கூட ஓடினது அதுதான். மூண்டாம் நாள் ஒரு ஈமெயில் வருது, உங்கட வீடியோவில எங்கட பாட்டு இருக்கு, இனி விளம்பரக் காசு எங்களுக்கு எண்டு ஒரு மியூசிக் கம்பனி. என்ன பாட்டெண்டு போய்ப் பாத்தா காலி வீதியில ஒரு கடைக்காரர் தண்ணிப்பந்தல் போட்டு ஸ்பீக்கரில விட்ட பழைய பக்திப் பாட்டு, 40 செக்கன்கூட வராது, அதுக்கு மேலால நான் வேற கதைச்சுக்கொண்டு போறன்.

அந்த 40 செக்கனுக்கு 22 நிமிசத்தின்ர காசும் போறது எந்த ஊர் ஞாயம்? அதே இடத்தில முழுப்படத்தைக் கண்ணாடியில பாக்கிறமாதிரி இடம்வலம் மாத்தி, மூலையில ஒரு பூவும் ஒட்டி ஓட்டுறாங்கள், அவங்களுக்கு ஒண்டும் நடக்குதில்ல. அப்ப களவுப் படத்தாலயும் இவங்களுக்குக் காசு, என்னாலயும் காசு, எனக்கு மட்டும் பட்டை நாமமா? எந்தத் தளம் எண்டு வேணுமெண்டுதான் சொல்லேல்ல, வம்பு வேண்டாம். தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ.

கணக்கப்பிள்ளை:

தம்பி (தங்கச்சியோ தெரியேல்ல, காகம் எண்டு பேர் வச்சா நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது), நீங்க தளத்தின்ர பேர் சொல்லாதபடியா எனக்குத் தெரிஞ்ச யூடியூப் கணக்கை வச்சுச் சொல்றன்.

அது தொடங்கினது 2005ல. அடுத்த வருசமே கூகுள் 165 கோடி டொலருக்கு வாங்கினது, அப்பவே கனபேர் சிரிச்சவை, உது முழுக்க ஆற்றையோ பாட்டும் டிவி நிகழ்ச்சியும்தானே, வழக்கு வந்து முடிஞ்சிடும் எண்டு. வழக்கும் வந்தது. 2007 மார்ச்சில வயாகொம் எண்ட பெரிய டிவி, படக் கம்பனி 100 கோடி டொலருக்கு மேல கேட்டு கோட்டுக்குப் போச்சு, இழுபட்டு இழுபட்டு 2014லதான் ரெண்டு பகுதியும் சமாதானமாப் போச்சினம். கூகுளுக்குக் கைகுடுத்தது 1998ல வந்த அமெரிக்கச் சட்டம். ஆக்கள் ஏத்திற சாமானுக்குத் தளம் நேர பொறுப்பில்ல, ஆனா சொந்தக்காரன் அறிவிச்சா உடன தூக்கவேணும், அதுதான் சாரம்.

ஆனா விசயம் சட்டத்தில இல்ல, 2007லயே கொண்டுவந்த கன்டென்ட் ஐடியிலதான் இருக்கு. பாட்டுக் கம்பனி, படக் கம்பனிகள் தங்கட சரக்கை முதலே குடுத்து வச்சிருப்பினம், நீங்க ஏத்திற ஒவ்வொரு வீடியோவையும் கைரேகை பாக்கிறமாதிரி அதோட ஒப்பிட்டுப் பாக்கும். பொருந்தினா சொந்தக்காரனுக்கு மூண்டு வழி: மறிக்கலாம், விட்டிட்டு எத்தனை பேர் பாக்கினம் எண்டு கணக்கு மட்டும் பாக்கலாம், இல்லாட்டி விளம்பரக் காசை எடுக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல காசைத்தான் எடுக்கினம். ஏன் எடுக்கமாட்டினம், தாங்கள் ஒரு சதம் செலவழிக்காமல் ஆற்றையோ பெடியன் காலைக் கொப்பளிக்க வச்சு விளம்பரம் ஓட்டித்தாறான்.

புறக்கோட்டையில கடை வாசலில பாய் விரிச்சு யாவாரம் பண்றவனை முந்திக் கலைப்பினம், இப்ப கலைக்காம உன்ர விற்பனைக் காசை முதலாளிட்டக் குடு எண்டு சொல்லினம். சந்தைக்காரனுக்கு எந்தப் பக்கத்தால போனாலும் கழிவு கழிவுதான். சாதாரண வீடியோவில விளம்பரக் காசில 55 வீதம் போட்டவருக்கு, மிச்சம் 45 தளத்துக்கு. கிளைம் (உங்களுக்கு வந்தமாதிரி உரிமை கேக்கிறது) வந்தா உங்கட பங்கு கையை மாறும், தளத்தின்ர பங்கு அங்கயேதான் இருக்கும். 2019ல விளம்பரத்தால மட்டும் 1500 கோடி டொலருக்கு மேல வந்தது எண்டு கூகுள் முதல்முறையா வெளியில சொன்னது, 2024ல அது 3600 கோடி. அதனால "கொப்பிரைட் பிரச்சினையிலயும் எப்பிடி உழைக்கினம்" எண்டு கேக்கிறதே பிழை, அந்தப் பிரச்சினையையே பங்கு பிரிக்கிற யாவாரமாக்கினதாலதான் உழைக்கினம்.

(இன்னொண்டு, அமெரிக்க வரிப் படிவம் நிரப்பினீங்களோ? நிரப்பாட்டி மொத்தத்தில 24 வீதம் வரைக்கும் பிடிக்கலாம். உதைக் கனபேர் கவனிக்கிறேல்ல.)

மருதானை நானா:

கணக்கப்பிள்ளை சொன்னதுக்கு மற்றப் பக்கமும் ஒண்டிருக்கு. மெகாவீடியோ எண்டு படம் பாக்கிற தளம் ஒண்டு இருந்திச்சே, ஞாபகம் இருக்கா யாருக்காச்சும்? 72 நிமிசத்தில சரியா நிண்டுபோகும், கிளைமாக்ஸ் பாக்க ஒண்டில் காசு கட்டோணும், இல்லாட்டி கனநேரம் காவல் இருக்கோணும், எங்கட வாப்பா நிண்டதோட எழும்பித் தேத்தண்ணி குடிச்சிட்டு, பள்ளிக்கும் போயிட்டு வந்து மிச்சத்தைப் பாப்பார். அதை நடத்தின மெகாஅப்லோட் ஆக்களை 2012 ஜனவரியில அமெரிக்கா மூடினது. விளம்பரம், பிரீமியம் சந்தா ரெண்டாலயும் 17.5 கோடி டொலர் உழைச்சாங்க எண்டு குற்றப்பத்திரத்தில இருந்திச்சு. அவங்க சொந்தக்காரனுக்குப் பங்கு குடுக்கல்ல, யூடியூப் குடுத்திச்சு, வித்தியாசம் அவ்வளவுதான் எண்டு நான் சொன்னா சண்டைக்கு வருவீங்க.

இப்ப இருக்கிற களவுத் தளத்தில கனக்க சூதாட்ட விளம்பரத்தில ஓடுது. பிளே பட்டனைத் தொட்டா நாலு ஜன்னல் திறக்கும், அதில ஒண்டு போனையே நாசமாக்கும். நல்ல கம்பனிகள் தெரிஞ்சுகொண்டு அங்க விளம்பரம் குடுக்கிறது குறைவு.

எடிட்டிங் அக்கா:

காகம், முதல்ல பயப்பிடாதீங்கோ, உங்களுக்கு வந்தது கிளைம், ஸ்ட்ரைக் இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்புறதாலதான் பாதிப்பேர் வீடியோவையே அழிச்சுப்போட்டு அழுகினம். யூடியூப்பில கிளைம் எண்டா அந்த வீடியோக் காசு போகும், இல்லாட்டி அந்த வீடியோவை மறிப்பினம், சேனலுக்கு ஒண்டும் ஆகாது. ஸ்ட்ரைக்தான் கெட்டது, அது கொப்பிரைட் மீறினதுக்குச் சேனலுக்கே விழுற எச்சரிக்கை, 90 நாளுக்குள்ள மூண்டு விழுந்தா சேனலே போயிடும்.

நான் தெஹிவளையில கலியாண வீடியோ எடிட் பண்றனான், இந்தத் தலையிடி எனக்குக் கிழமைக்கு ரெண்டு தரம். "10 செக்கன் மட்டும் பாவிக்கலாம்" எண்டு ஆரோ சொல்லிச் சொல்லியே எல்லாரும் நம்பியிருக்கினம், அப்பிடி ஒரு சட்டம் எங்கயும் இல்ல. "பாட்டுக்கு நன்றி இன்னாருக்கு" எண்டு கீழ எழுதினாலும் விடமாட்டாங்கள். "பழைய பாட்டுத்தானே, சாமிப் பாட்டுத்தானே" எண்டதும் வேலைக்காகாது. ஒரு பாட்டில ரெண்டு உரிமை கிடக்கு, மெட்டும் வரியும் ஒண்டு, ஒலிப்பதிவு மற்றது. தியாகராஜர் 1847ல போயிட்டார், அவற்றை கீர்த்தனை இப்ப எல்லாருக்கும் பொது, நீங்களே பாடிப் போடலாம், ஆனா போன வருசம் ஒரு பாடகி பாடிப் பதிஞ்ச அதே கீர்த்தனை பொது இல்ல. மெட்டுக்காரன்ர உரிமை எவ்வளவு தூரம் போகும் எண்டதுக்கு 2017 ஞாபகம் இருக்கும்தானே, தன்ர பாட்டுகளை மேடையில பாட அனுமதி வேணும் எண்டு இளையராஜா எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கே நோட்டீஸ் அனுப்பினவர். எனக்கு ரெண்டு பேரும் தெய்வம், அதனால அதைப்பற்றிக் கருத்துச் சொல்லமாட்டன்.

இப்ப செய்யவேண்டியது. எடிட்டருக்குள்ள போனா அந்தத் துண்டை வெட்டலாம், சத்தத்தை நிப்பாட்டலாம், பாட்டை மட்டும் அழிக்கிற வழியும் இருக்கு, சரியா வந்தா கிளைம் தானாப் போயிடும். டிஸ்பியூட் பண்ணவும் (கிளைம் பிழை எண்டு மறுக்கவும்) ஏலும், கிளைம் வந்து 5 நாளுக்குள்ள போட்டா அந்தக் காசு ஒருத்தருக்கும் போகாமல் நிப்பாட்டி வைப்பினம், அவங்கள் பதில் சொல்ல 30 நாள் இருக்கு. ஆனா உண்மையிலேயே பாட்டு அவங்கடதெண்டா சும்மா கோவத்தில போடாதீங்கோ, அது ஏறிப்போய் ஸ்ட்ரைக்கில முடியலாம்.

வெள்ளவத்தைக் காகம்:

நான் தம்பிதான் ஐயா. எல்லாருக்கும் பெரிய நன்றி. இன்னொண்டும் கேக்க மறந்திட்டன், வேற தளம் ஒண்டில ஒரு பெரிய பக்கம் என்ர தேர் வீடியோவையே எடுத்து, தங்கட லோகோவைப் போட்டு விட்டிருக்கு, அங்க எனக்கு வந்ததை விடப் பத்து மடங்கு ஆக்கள் பாத்திருக்கினம். அதுக்கு ஒரு ரோபோவும் ஈமெயில் அனுப்பேல்லயே? நானும் கைரேகை குடுத்து வைக்க ஏலாதோ?

எடிட்டிங் அக்கா:

கன்டென்ட் ஐடி சின்ன ஆக்களுக்குக் குடுக்கமாட்டாங்கள், பெரிய கம்பனிகளுக்குத்தான். ஆனா வீடியோ நீங்க எடுத்த உடனயே உங்கடதுதான், எங்கட 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எங்கயும் பதியத் தேவையில்ல. அந்தத் தளத்தில கொப்பிரைட் முறைப்பாட்டுப் படிவம் இருக்கும், உங்கட லிங்க், அவங்கட லிங்க், போட்ட திகதி வச்சு அனுப்புங்கோ. ஒரிஜினல் ஃபைலை மட்டும் போனில இருந்து அழிச்சிடாதீங்கோ.

கணக்கப்பிள்ளை:

அனுப்பேக்க சொந்தப் பேர், விலாசம் கேப்பினம், அதுக்குக் காகம் எண்டு போட்டிடாதையும்.

வெள்ளவத்தைக் காகம்:

நாலு நாளுக்குப் பிறகு வாறன். முறைப்பாடு அனுப்பினன், அந்தப் பக்கம் வீடியோவைத் தூக்கிட்டுது, மன்னிப்பும் இல்ல ஒண்டும் இல்ல. என்ர வீடியோவில பாட்டை அழிச்சன், கிளைமும் போயிட்டுது. ஆனா பாட்டோட சேர்ந்து அந்தக் கடைக்காரர் "தம்பி மோர் குடிச்சிட்டுப் போங்கோ" எண்டு கூப்பிட்டதும் அழிஞ்சு போச்சு, இப்ப மனுசன் வாயை மட்டும் அசைச்சுக்கொண்டு கோப்பையை நீட்டுறார். காசு எடுக்கிறதுக்கு 100 டொலர் சேரோணுமாம், இன்னும் 61 கிடக்கு.