நாலு நாற்காலி, ஒரு சமையலறை: அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

கேட்டவர்: ஆஷ்பர்ன்வாசி

வணக்கம் நண்பர்களே. ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 74. விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம். படிப்பு எட்டாவதோடு சரி, அப்புறம் முழுக்க மல்லாட்டை (நிலக்கடலை) காடுதான். போன சனிக்கிழமை அவரையும் என் பையனையும் (வயது 9) வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். பையனுக்குப் பசி வந்துவிட்டதால் ஒரு மணி நேரத்தில் வேகமாகச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா கேட்டார்: "ஒரு அம்மாவோட சமையக்கட்டு, ஒரு ஜோடி செருப்பு, சாப்பாட்டுக் கடை நாற்காலி நாலு. ராஜா இல்ல, கோட்டை இல்ல. இதையெல்லாம் எதுக்குடா கண்ணாடிக்குள்ள வெச்சுக் காப்பாத்துறாங்க?" கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் ஊருக்குப் போகிறார். வரும் சனிக்கிழமை மறுபடி போகலாம் என்றிருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் எதை எதைக் காட்டலாம்? எப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும்?

பதில்: சில்வர்லைன்

சுருக்கமாகச் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, அதனால் பாதியில் வந்துவிட்டோமே என்ற கவலை வேண்டாம். காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் கூட்டம் வந்துவிடும். ஆஷ்பர்னிலிருந்து ரயில் மாற வேண்டியதில்லை, ஃபெடரல் டிரையாங்கிளில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பெரியவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பொருள்களை அவ்வப்போது மாற்றி வைப்பார்கள், முந்தின நாள் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: மேரிலாந்து அக்கா

தம்பி, உங்கள் அப்பாவின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் மேரிலாந்தில் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் பதினான்கு வருஷமாகச் சாப்பாடு பரிமாறுகிறேன். அந்த அருங்காட்சியகத்துக்கு எத்தனை முறை போனேன் என்ற கணக்கே இல்லை. போனால் முதலில் நிற்பது அந்த நாலு நாற்காலிக்கு முன்னால்தான். நீங்களும் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பேன்.

அவை வட கரோலினாவில் கிரீன்ஸ்போரோ என்ற ஊரில் இருந்த வுல்வொர்த் கடையின் நாற்காலிகள். குரோம் கால், மேலே சின்ன மெத்தை, அவ்வளவுதான். அந்தக் கடையில் கறுப்பினத்தவர் காசு கொடுத்துச் சாமான் வாங்கலாம், ஆனால் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நான்கு கல்லூரி மாணவர்கள் போனார்கள்: எசல் பிளேர், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட். முதலில் பற்பசை மாதிரிச் சில்லறைச் சாமான்கள் வாங்கி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. "அந்தப் பக்கம் எங்கள் காசை வாங்கினீர்களே, இந்தப் பக்கம் ஏன் முடியாது?" என்பதுதான் அவர்கள் கேட்டது. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் கூட்டம் நூற்றுக்கணக்கில் ஆகி, வேறு ஊர்களுக்கும் பரவியது. ஜூலை 25ஆம் தேதி கடை பணிந்தது.

நான் சாப்பாடு பரிமாறும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவள் என்பதால் என் மனதில் நிற்பது அந்த ஜூலை நாள்தான். அன்று முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அந்த மாணவர்கள் இல்லை. அதே கடையில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள். ஜெனீவா டிஸ்டேல் என்ற அம்மா அவர்களில் ஒருவர். வேலை உடுப்பை மாற்றிவிட்டு, சொந்த உடையில் வாடிக்கையாளராக வந்து உட்காரச் சொன்னார்கள். தினமும் தன் கையால் மற்றவர்களுக்குச் செய்துகொடுத்த இடத்தில் அன்றுதான் முதல்முறை உட்கார்ந்து சாப்பிடுகிறார். இதை முதலில் கேள்விப்பட்ட அன்று வேலைக்குப் போன நான், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எங்கள் உணவகத்தில் பிள்ளைகள் உட்காரும் மேசையில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1993இல் அந்தக் கடை மூடியபோது கவுண்டரின் ஒரு துண்டையும் நாலு நாற்காலியையும் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார்கள். மீதிக் கவுண்டர் கிரீன்ஸ்போரோவிலேயே இருக்கிறது. அந்தக் கடைக் கட்டடமே 2010 முதல் ஓர் அருங்காட்சியகம். கல்லில் செதுக்கிய நினைவுச் சின்னம் யார் வேண்டுமானாலும் செய்யலாம் தம்பி. இந்த மெத்தை தேய்ந்த நாற்காலியில் உண்மையிலேயே மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதனால்தான் காப்பாற்றுகிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

அடுத்தது அந்தச் சமையலறை. தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டிப் பெயர் வாங்கிய ஜூலியா சைல்டுடையது. மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் வீட்டிலிருந்து 2001இல் கொடுத்தார், மறு வருஷமே மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டார்கள். மேடையின் உயரத்தைக் கவனியுங்கள்: 38 அங்குலம். வழக்கமாக 36தான் இருக்கும். அந்த அம்மா ஆறடி இரண்டு அங்குல உயரம், அதனால் குனியாமல் வேலை செய்ய உயர்த்திக் கட்டியது. சுவரில் ஒவ்வொரு வாணலிக்கும் அதன் வடிவத்தைக் கோடு போட்டு வரைந்திருப்பார்கள். எது எங்கே மாட்ட வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு அவர் கணவர் பால் செய்தது. என்னைக் கேட்டால் அந்தக் கோடுகள் ஒரு கல்யாணப் படத்தைவிட அதிகம் சொல்லும்.

உங்கள் அப்பா காட்டு வேலை செய்தவர் என்றீர்களே, அவருக்கென்று ஒன்று இருக்கிறது. அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் குட்டைக் கைப்பிடி போட்ட களைக்கொத்து ஒன்று உண்டு. கண்ணாடிப் பெட்டியில் அன்றைக்கு இல்லாவிட்டாலும் இணையதளத்தில் படம் கிடைக்கும், வீட்டிலேயே காட்டிவிடலாம். கலிபோர்னியாவில் கீரை வயல்களிலும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்களிலும் மெக்சிகோ தொழிலாளர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே கிடந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'எல் கோர்ட்டிட்டோ', அதாவது குட்டையன். நீளக் கைப்பிடி போட்டால் செடி வெட்டுப்படும் என்பது முதலாளிகள் சொன்ன காரணம். ஆனால் எல்லோரும் குனிந்திருந்தால், நிமிர்ந்து ஓய்வெடுப்பவன் யார் என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகு போன தொழிலாளர்கள் வழக்கு நடத்தி, மருத்துவர்கள் சாட்சி சொல்லி, 1975இல்தான் கலிபோர்னியா அதைத் தடை செய்தது. விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டிய சீசர் சாவேஸ் தானும் அதைப் பிடித்து வேலை செய்தவர்.

பையனுக்கு அந்தச் சிவப்புச் செருப்பு. 1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் போட்டது. கதைப் புத்தகத்தில் அது வெள்ளிச் செருப்பு, வண்ணப் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பாக்கினார்கள். ஆடும்போது சத்தம் வராமல் இருக்க அடியில் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். 2005இல் மின்னசோட்டாவில் திருடுபோன இன்னொரு ஜோடியை எஃப்.பி.ஐ. 2018இல் மீட்டு, இந்த அருங்காட்சியகத்துக்குத்தான் ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பியது. பார்த்தால், இரண்டு ஜோடியும் இடம் மாறியிருக்கின்றன: இங்கே இருக்கும் இடது காலுக்குச் சரியான வலது கால் அங்கே! ஒன்பது வயசுப் பையன் இதைக் கேட்டால் பசியை மறந்துவிடுவான்.

பதில்: நாணயப்பெட்டி

அக்கா அருமையாகச் சொன்னீர்கள். ஒன்றில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. நினைவுக்காகவே செய்த பொருளுக்கும் உயிர் உண்டு. அமெரிக்க அதிபர் கென்னடியின் அரை டாலர் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1963 நவம்பரில் கொல்லப்பட்டார், 1964 மார்ச்சிலேயே அவர் முகம் போட்ட நாணயம் வெளியே வந்துவிட்டது. கால் டாலரில் போட்டால் முதல் அதிபர் வாஷிங்டனின் முகத்தை எடுக்க வேண்டிவரும் என்று, அரை டாலரே போதும் என்றவர் அவர் மனைவி. செலவழிக்க அடித்த காசு அது, ஆனால் வாங்கியவர்கள் செலவழிக்கவே இல்லை. பெட்டியில் பூட்டி வைத்தார்கள். அந்த வருஷத்துக் காசில் 90 சதவீதம் வெள்ளி என்பதும் ஒரு காரணம். என் பெரியப்பா ஒன்றைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது.

கறுப்பினத்தவர் உரிமைக்காக 1963 ஆகஸ்ட் 28 அன்று நடந்த வாஷிங்டன் பேரணிக்குச் செய்த, சட்டையில் குத்திக்கொள்ளும் வட்டச் சின்னம் இன்னொன்று. கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் கோர்த்திருக்கும், விலை 25 சென்ட், அந்தக் காசு பேரணிச் செலவுக்குப் போனது. ஆளுக்கு 25 சென்ட் போட்டு ஒரு நாளை நடத்தியிருக்கிறார்கள். அதையும் விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி: ஆஷ்பர்ன்வாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்வந்தோம்.

வெள்ளிக்கிழமை இரவே களைக்கொத்துப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கம்மா இதை வெச்சுத்தான் மல்லாட்டைக்குக் களை கொத்துச்சு. கடைசி வரைக்கும் நிமிந்து நடக்கல" என்றார். தடை செய்த வருஷத்தைச் சொன்னதும், "எழுபத்தஞ்சா? அப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகல" என்றார்.

நாற்காலிகளுக்கு முன்னால் அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியில காபி குடுத்தானா?" கொடுத்தார்கள் என்றேன். ஜெனீவா டிஸ்டேல் அம்மாவைப் பற்றிச் சொன்னபோது வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் பையனைப் பக்கத்தில் இழுத்து, "நம்ம ஊர் டீக்கடையிலயும் ரெண்டு கிளாஸ் இருந்துச்சுடா. காலனி ஆளுங்களுக்குத் தனி கிளாஸ், வெளிய தூண்ல மாட்டியிருக்கும். அவங்களே கழுவி, அவங்களே மாட்டிட்டுப் போவணும்" என்றார். "நீங்க எந்த கிளாஸ்ல குடிச்சீங்க தாத்தா?" என்று பையன் கேட்டான். "உள்ள இருந்த கிளாஸ்ல" என்றார். "அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டான். அப்பா பதில் சொல்லவில்லை. சமையலறைக்கும் செருப்புக்கும் போய்விட்டு, கிளம்பும் முன் மறுபடி இரண்டாம் மாடிக்குப் போகலாம் என்றார். போனோம். அந்த நாலு நாற்காலிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.