மால்டா ரோஸி டைவ் போனவர்கள் யாராவது சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் மால்டா போகிறேன். சிர்கெவ்வா கரையோரம் 1992ல் வேண்டுமென்றே மூழ்கடித்த ரோஸி என்ற இழுவைக் கப்பலைப் பார்க்க வெகுநாள் ஆசை. 30 மீட்டருக்கும் கீழே, மணல்மேல் நிமிர்ந்தே நிற்கிறது. எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் இல்லை, மற்றபடி முழுக் கப்பல், இப்போது மீன்களின் வீடு.

என்னிடம் இருப்பது 18 மீட்டர் ஆழம்வரை போகலாம் என்ற ஓப்பன் வாட்டர் ஸ்கூபா சான்றிதழ்தான். இன்னும் ஆழம் போக வேண்டிய அட்வான்ஸ்டு கோர்ஸை இங்கேயே முடித்துவிடட்டுமா, அங்கே போய்ச் செய்யட்டுமா? 30 மீட்டரில் சாதாரணக் காற்றோடு, மேலே வரும்போது நடுவே கட்டாயமாக நிற்க வேண்டாம் என்றால், 20 நிமிடம்தான் இருக்கலாம். நைட்ராக்ஸ் 32 (32% ஆக்ஸிஜன் உள்ள காற்று) எடுத்தால் நேரம் கூடும், ஆனால் ஆக்ஸிஜன் நச்சாகிவிடும் என்பதால் 33 மீட்டருக்குக் கீழே இறங்க முடியாதே! மணல்வரை போகாமல் மேல்தளத்தை மட்டும் பார்த்தால் போதுமா? அப்புறம், கரையிலிருந்தே நீந்திப் போவது சிரமமா? போன தடவை வேறோர் ஊரில் அவசரப்பட்டுக் காற்றைத் தீர்த்துவிட்டுப் பாதியிலேயே மேலே வந்தவன் நான்.